சுவரிலிருந்து திரைக்கு: உடம்புக்குள் ஓடும் பாதைகளை வரைந்தவர்கள்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களைக் குறைத்து, வாசிக்க வசதியாகத் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடு ஒரு சுவர்ல இருந்து ஆரம்பிக்குது.

நான் கல்லூரியில் உயிர்வேதியியல் படித்தவன். இதை நான் அடிக்கடி வெளியே சொல்வதில்லை, ஏன்னா அந்தப் படிப்புக்கும் இப்போ பார்க்கிற வேலைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எங்கள் லேபில் சிங்க்குக்கு மேலே ஒரு பெரிய சார்ட் தொங்கும். ஓரமெல்லாம் செலோடேப். ஒரு மூலை தண்ணீர் பட்டு உப்பிப் போயிருக்கும். உள்ளே நூற்றுக்கணக்கில் வேதிப்பொருள்களின் பெயர்கள், அவற்றை இணைக்கும் அம்புக்குறிகள், நடுவில் ஒரு வட்டம். எங்க செட்டுல அதுக்குப் பேரு 'இடியாப்பம்'. வருஷா வருஷம் வெள்ளையடிக்கும்போது லேப் அட்டெண்டர் அண்ணன் அதைக் கழற்றிச் சுருட்டி வைத்து, மறுபடி மாட்டுவார். ஒரு தடவை மாட்டிக்கொண்டே கேட்டார்: "ஏம்ப்பா, இதை யாராச்சும் படிக்கிறீங்களா?" நாங்க சிரிச்சோம். உண்மையில் யாரும் படிக்கவில்லை. பரீட்சைக்கு அதில் நாலு துண்டை மட்டும் மனப்பாடம் பண்ணினோம், அவ்வளவுதான்.

பத்து வருஷம் கழித்து, அந்த இடியாப்பத்தை யார் வரைந்தார்கள், எதுக்காக வரைந்தார்கள் என்று தேட ஆரம்பித்தேன். தேடப் போனால் அதுக்குள்ளே அகதிகள் இருக்கிறார்கள், ஒரு களைக்கொல்லி இருக்கிறது, நம்ம ஊர் ஆட்களும் இருக்கிறார்கள்.

முதலில், அந்தப் படம் எதைக் காட்டுகிறது? காலையில் நாலு இட்லி சாப்பிடுறீங்க. அதிலுள்ள மாவுச்சத்து குளுக்கோஸாகிறது. அந்தக் குளுக்கோஸ் ஒரே தாவலில் சக்தியாக மாறுவதில்லை. முதலில் பத்துப் படிகள் இறங்கி பைருவேட் என்ற சின்னப் பொருளாகிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு நொதி நின்று வேலை பார்க்கிறது. அங்கிருந்து இன்னொரு பாதை, அதிலிருந்து பல கிளைகள். பொருளின் பெயரை எழுதி, அம்பு போட்டு, அம்பின் மேல் நொதியின் பெயரை எழுதினால் அது ஒரு பாதை வரைபடம். உடம்பில் நடக்கிற எல்லாப் பாதைகளையும் ஒரே தாளில் போட்டால் இடியாப்பம்.

புத்தகத்தில் பார்க்கும்போது இதெல்லாம் யாரோ ஒரே நாளில் உட்கார்ந்து வரைந்த மாதிரி இருக்கும். ஆனால் ஒவ்வொரு அம்பும் யாரோ ஒருத்தருடைய சில வருஷங்கள். சர்க்கரையை உடைக்கிற அந்தப் பத்துப் படிப் பாதைக்கு எம்டன், மேயர்ஹாஃப், பார்னஸ் என்று மூன்று பேருடைய பெயரை வைத்திருக்கிறார்கள். ஓட்டோ மேயர்ஹாஃப் யூதர். நோபல் பரிசு வாங்கியவராக இருந்தும் 1938ல் ஜெர்மனியை விட்டு பாரிஸுக்குத் தப்பினார். 1940ல் அங்கேயும் ஹிட்லரின் படை வந்துவிட, அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். யாக்கூப் பார்னஸ் சோவியத் பக்கம் போனார். 1949ல் மாஸ்கோவில் கைது செய்யப்பட்டு, சிறையிலேயே இறந்தார். நாம மார்க்குக்காக மனப்பாடம் செய்த 'ஈ.எம்.பி. பாதை' இவங்களுடையதுதான்.

அந்தப் பாதையில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு பெயர் ஏ.டி.பி. செல்லுக்குள் சக்தியைச் சில்லறையாக மாற்றிக் கொடுக்கிற மூலக்கூறு. 1929ல் இதை மேயர்ஹாஃபின் ஆய்வகத்தில் கார்ல் லோமன் கண்டுபிடித்தார். அதே வருஷம், தனியாக, ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க்கும் எல்லாப்ரகட சுப்பாராவும் கண்டுபிடித்தார்கள். சுப்பாராவ் பீமவரத்துக்காரர், மருத்துவம் படித்தது நம்ம மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில். சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரே அந்தக் கட்டிடத்தை எத்தனை தடவை கடந்து போயிருப்போம்! அவரைப் பற்றித் தனி எபிசோடே போடலாம், இப்போ நகர்வோம்.

நடுவில் இருக்கிற அந்த வட்டம். அதை வரைந்தவர் ஹான்ஸ் கிரெப்ஸ். 1900ல் ஜெர்மனியின் ஹில்டஸ்ஹைம் நகரத்தில் பிறந்தவர். ஃப்ரைபர்க்கில் வேலை பார்த்தபோது, 1932ல், குர்ட் ஹென்சலைட் என்ற மருத்துவ மாணவருடன் சேர்ந்து கல்லீரல் யூரியாவை எப்படி உருவாக்குகிறது என்று கண்டுபிடித்தார். அதில்தான் ஒரு புது யோசனை வந்தது. பாதை நேர்கோடாக இருக்க வேண்டியதில்லை, ஆரம்பித்த இடத்துக்கே திரும்பி வரலாம். செக்கு மாடு சுற்றுகிற மாதிரி. மாடு ஆரம்பித்த இடத்துக்கே வந்து நிற்கிறது, ஆனால் எண்ணெய் வெளியே வந்துவிட்டது.

அடுத்த வருஷம் நாஜி சட்டத்தால் அவருக்கு வேலை போனது, காரணம் யூதர் என்பது மட்டும்தான். கேம்பிரிட்ஜ் அழைத்தது. அங்கிருந்து 1935ல் ஷெஃபீல்டு. அங்கே, புறாவின் நெஞ்சுத் தசையை அரைத்து, அது ஆக்ஸிஜனை எவ்வளவு வேகமாக உறிஞ்சுகிறது என்று அளந்தார். ஏன் புறா? பறக்கிற தசை, சக்தியைத் தாராளமாக எரிக்கும். அந்தத் தசையில் சிட்ரிக் அமிலத்தைக் கொஞ்சம் சேர்த்தால், சேர்த்த அளவுக்குப் பொருந்தாத வேகத்தில் எரிதல் கூடியது. அப்படியென்றால் அந்த அமிலம் செலவாகித் தீர்ந்துபோகவில்லை, சுற்றிச் சுற்றி மறுபடி உருவாகிறது. மறுபடியும் ஒரு செக்கு. 1937 ஜூனில் 'நேச்சர்' இதழுக்கு அனுப்பினார். ஏழெட்டு வாரத்துக்குப் போதுமான கடிதங்கள் கைவசம் இருக்கின்றன என்று பதில் வந்தது, கட்டுரை திரும்பி வந்தது. ஆய்வு மாணவர் வில்லியம் ஜான்சனோடு சேர்ந்து அதை 'என்சைமோலோஜியா' என்ற ஹாலந்து இதழில் வெளியிட்டார். 1953ல் நோபல் பரிசு. ரிஜெக்‌ஷன் மெயில் வந்து உட்கார்ந்திருக்கிற பி.எச்டி. மக்களுக்கு இந்தத் தகவல் சமர்ப்பணம்.

1950களின் நடுவில் ஒரு பிரச்சினை வந்தது. அம்புகள் அதிகமாகிவிட்டன. ஒவ்வொரு பாதையும் ஒவ்வொரு புத்தகத்தில், ஒவ்வொரு பக்கத்தில். ஒரு பாதையின் நடுவில் வருகிற பொருள் இன்னொரு பாதையின் தொடக்கம் என்பது பக்கத்தைப் புரட்டும்போது மறந்துவிடும். இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த டொனால்டு நிக்கல்சன், 1955ல் தன் மாணவர்களுக்காக எல்லாவற்றையும் ஒரே தாளில் கையால் வரைந்தார். அப்போது அதில் இருந்தவை சுமார் 20 பாதைகள். கட்டிட வரைபடங்களை நகல் எடுக்கிற முறையிலேயே பிரதி எடுத்துக் கொடுத்தார். சில வருஷத்தில் ஒரு வேதிப்பொருள் நிறுவனம் அதை அச்சிட, உலகம் முழுக்கப் போனது. புதுக் கண்டுபிடிப்பு வரும்போதெல்லாம் திருத்தினார், இருபதுக்கும் மேற்பட்ட பதிப்புகள். ஓய்வு பெற்ற பிறகும், 80 வயதைத் தாண்டிய பிறகும், கணினியில் உட்கார்ந்து சின்னச் சின்ன வரைபடங்களையும் அசையும் வரைபடங்களையும் செய்துகொண்டிருந்தார். 2012ல் இறந்தபோது வயது 96.

ஜெர்மனியில் இன்னொருவர், கெர்ஹார்ட் மிஹால். போரிங்கர் மான்ஹைம் நிறுவனத்தில் வேலை. 1960களில் அவர் உருவாக்கிய சுவர் வரைபடம்தான் பல ஆய்வகங்களில் தொங்கியது. பிறகு அந்த நிறுவனத்தை ரோஷ் வாங்கியது, படமும் அவங்க கைக்குப் போனது. மிஹால் செய்த ஒரு வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அம்புகளுக்கு நிறம் கொடுத்தார். தாவரத்தில் நடப்பது ஒரு நிறம், விலங்கில் நடப்பது வேறு நிறம், நுண்ணுயிரியில் நடப்பது இன்னொன்று. ஒரே தாளில் வேப்பமரமும் நாமும் பாக்டீரியாவும். சில அம்புகள் எல்லோருக்கும் பொது. இந்த இடத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

இப்போ அந்த இடியாப்பத்தில் ஒரே ஒரு இழையை உருவி எடுக்கலாம். டைரோசின் என்ற அமினோ அமிலம். பருப்பு, பால், முட்டை, கறி எல்லாவற்றிலும் இருக்கும். உடம்புக்குத் தேவையானது போக மீதியை அது உடைத்துத் தள்ள வேண்டும். நாலைந்து படிகள். நடுவில் ஹோமோஜென்டிசிக் அமிலம் என்ற ஒரு பொருள் உண்டாகும். அடுத்த நொதி அதை உடைக்கும். அதற்குப் பிறகு இரண்டு படி, கடைசியில் கிரெப்ஸ் வட்டத்துக்குள் போகிற ஒரு துண்டு கிடைக்கும்.

லண்டன் மருத்துவர் ஆர்ச்சிபால்டு கேரட் 1902ல் ஒரு விசித்திரமான நோயைப் பற்றி எழுதினார். பிறந்த குழந்தையின் துணியில் பட்ட சிறுநீர் கொஞ்ச நேரத்தில் கறுத்துவிடுகிறது. ஆல்காப்டோன்யூரியா என்று பெயர். அதுவரைக்கும் கிருமித் தொற்று என்றெல்லாம் சந்தேகப்பட்டார்கள். கேரட், உடம்பின் வேதிவினைப் பாதையில் ஓரிடத்தில் பிறவியிலேயே அடைப்பு இருக்கிறது, அதனால் நடுவில் உண்டாகிற பொருள் தேங்கி வழிகிறது என்றார். இந்தக் குழந்தைகளின் பெற்றோரில் பலர் நெருங்கிய உறவுக்குள் திருமணம் செய்தவர்கள் என்பதையும் கவனித்தார். யோசிச்சுப் பாருங்க, அப்போ பாதை வரைபடம் என்று ஒன்றே கிடையாது. டி.என்.ஏ. என்ன செய்கிறது என்று யாருக்கும் தெரியாது. அவர் கையில் இருந்தது கறுத்த துணி மட்டும்தான். அதை வைத்து, நொதி வேலை செய்யாத ஒரு அம்பு இருக்க வேண்டும் என்று மனசுக்குள் வரைந்துவிட்டார். அந்த நொதி நோயாளிகளின் கல்லீரலில் இல்லை என்று ஆய்வகத்தில் காட்டியது 1958ல்.

ஆல்காப்டோன்யூரியா குழந்தையில் உயிரை எடுக்காது. ஆனால் தேங்கிய பொருள் வருஷக்கணக்கில் மூட்டுக் குருத்தெலும்பில் படிந்து கறுத்து, நடுத்தர வயதில் முதுகையும் முழங்காலையும் முடக்கிவிடும். இது எங்கோ லண்டன் நோய் என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் நரிக்குறவர் சமூகத்தில் இது வழக்கத்துக்கு மீறி அதிகமாக இருப்பதையும், அதற்கு ஒரே ஒரு மரபணு மாற்றம் காரணம் என்பதையும் 2014ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சின்ன சமூகம், தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே திருமணம், எப்போதோ ஒரு மூதாதையரிடம் வந்த மாற்றம் பெருகிவிட்டது. ரயில் நிலையத்தில் பாசிமணி விற்கிற பாட்டியின் குனிந்த முதுகுக்குப் பின்னால் இப்படி ஒரு அம்பு இருக்கலாம் என்று நான் நினைத்ததே இல்லை.

இதே பாதையில் இரண்டு படி தள்ளி, கடைசி நொதி இல்லாவிட்டால் வருவது டைரோசினீமியா முதல் வகை. இது ரொம்பக் கொடூரம். தேங்குகிற பொருள் நச்சு. கைக்குழந்தையின் கல்லீரல் கெடும், சிறுநீரகம் கெடும், தப்பிப் பிழைத்தால் கல்லீரல் புற்றுநோய் வரும். 1990 வரைக்கும் டாக்டர்கள் கையில் இருந்தது உணவுக் கட்டுப்பாடும் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சையும் மட்டும்தான்.

இங்கேதான் கதை திரும்புகிறது. ஊட்டி, பெங்களூர் பக்கம் போனவர்கள் பாட்டில் பிரஷ் மரத்தைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பாக, பாட்டில் கழுவுகிற பிரஷ் மாதிரியே பூ தொங்கும். 1977ல் கலிஃபோர்னியாவில் ஒரு வேளாண் வேதிப்பொருள் நிறுவனத்தின் விஞ்ஞானி, அந்த மரத்துக்கு அடியில் களை அதிகம் முளைப்பதில்லை என்று கவனித்தார். மரம் மண்ணில் ஏதோ ஒன்றை விடுகிறது. அதைப் பிரித்தெடுத்து, அதன் சாயலில் நூற்றுக்கணக்கான பொருள்களைச் செய்து பார்த்தார்கள். இவை பட்டால் களையின் புது இலைகள் வெளுத்துச் செத்துவிடும். அப்படி வந்த ஒன்றுதான் என்.டி.பி.சி. அதை எலிகளிடம் சோதித்தபோது விழித்திரைக்கு முன்னால் இருக்கிற கருவிழியில் பாதிப்பு வந்தது. இரத்தத்தைப் பார்த்தால் டைரோசின் எக்கச்சக்கம். சாதாரணமாக ஒரு களைக்கொல்லியின் வாழ்க்கை அங்கே முடிந்துவிடும்.

ஏன் டைரோசின் ஏறியது? ஏனென்றால் அந்தப் பொருள் அடைத்தது மிஹால் படத்தில் எல்லோருக்கும் பொதுவாக இருந்த மாதிரியான ஒரு அம்பை. செடியிலும் எலியிலும் நம்மிலும் அதே நொதி, ஹோமோஜென்டிசிக் அமிலத்தை உண்டாக்குகிற நொதி. செடிக்கு அது இல்லாவிட்டால் பச்சையத்தைப் பாதுகாக்கிற நிறமிகள் உருவாகாது, இலை வெளுக்கும். விலங்குக்கு அது இல்லாவிட்டால் டைரோசின் தேங்கும்.

ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் ஸ்வென் லிண்ட்ஸ்டெட் என்ற மருத்துவர் இந்த நொதியைப் பற்றித்தான் பல வருஷமாக ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் டைரோசினீமியா குழந்தைகளையும் பார்த்தவர். அவர் போட்ட கணக்கு எளிமையானது. கடைசி நொதி இல்லாததால் கீழே நச்சு தேங்குகிறது. அதைச் சரி செய்ய நம்மால் முடியாது. ஆனால் மூன்று படி மேலேயே பாதையை அடைத்துவிட்டால்? நச்சு உருவாகவே உருவாகாது. பதிலுக்கு டைரோசின் தேங்கும், ஆனால் அதை உணவுக் கட்டுப்பாட்டில் சமாளிக்கலாம். பாலம் இடிந்து கிடக்கிறது, வண்டிகள் ஆற்றில் விழுகின்றன. பாலத்தை உடனே கட்ட முடியாது, அதனால் முந்தின ஊரிலேயே ரோட்டை மறிக்கிறார்கள்.

1991ல் முதல் குழந்தைக்குக் கொடுத்தார்கள். ஒரு களைக்கொல்லிக்காக உருவான பொருளைக் கைக்குழந்தைக்கு! அந்தப் பெற்றோர் எந்த மனநிலையில் சம்மதித்திருப்பார்கள் என்று யோசித்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. வேலை செய்தது. 1992ல் 5 நோயாளிகளின் விவரம் 'லான்செட்' இதழில் வந்தது. 2002ல் அமெரிக்காவில் மருந்தாக அங்கீகாரம். இன்று அதன் பெயர் நிட்டிசினோன். 2020ல் ஐரோப்பாவில் ஆல்காப்டோன்யூரியா உள்ள பெரியவர்களுக்கும் அங்கீகரித்தார்கள். அதுவும் அதே தர்க்கம்தான், ஒரு படி மேலே அடைப்பது. கேரட் கறுத்த துணியைப் பார்த்து நூறு வருஷம் தாண்டியிருந்தது.

விலை? நம்ம நாட்டுக் குழந்தைகளுக்கு அது எட்டாத உயரத்தில் இருந்தது. 2023 நவம்பரில் இந்தியாவிலேயே தயாரான நிட்டிசினோனைப் பற்றி மத்திய அரசு அறிவித்தபோது சொன்ன கணக்கு: இறக்குமதி மருந்தில் ஒரு குழந்தைக்கு வருஷத்துக்குச் சுமார் 2.2 கோடி ரூபாய், உள்நாட்டு மருந்தில் சுமார் 2.5 லட்சம். 2.5 லட்சமும் சாதாரணக் குடும்பத்துக்குச் சின்னத் தொகை இல்லை. ஆனாலும் கோடிக்கும் லட்சத்துக்கும் நடுவில் சில குழந்தைகளின் உயிர் இருக்கிறது.

சரி, சுவரை விட்டுத் திரைக்கு வருவோம்.

1995 ஜூலையில் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சே என்ற பாக்டீரியாவின் முழு மரபணுத் தொகுதியும் வெளியானது. சுதந்திரமாக வாழ்கிற ஓர் உயிரினத்தின் முழு மரபணுத் தொகுதி வெளியானது அதுதான் முதல் முறை. 18 லட்சத்துச் சொச்சம் எழுத்துகள், சுமார் 1,700 மரபணுக்கள். இப்போ இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மளிகைச் சீட்டைப் பார்த்து என்ன சமையல் என்று சொல்ல முடியுமா? சொல்ல வேண்டுமென்றால் சமையல் குறிப்பு கையில் இருக்க வேண்டும்.

அதே 1995ல் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் மினோரு கனேஹிசா 'கெக்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். இயற்பியல் படித்தவர். சுவர் வரைபடங்களில் இருந்த மாதிரியான பாதைகளை அவருடைய குழு கணினிக்காகப் புதிதாக வரைந்தது. ஆனால் ஒரு மாற்றம்: நொதி இருக்கிற இடத்தில் ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் அந்த நொதிக்கான சர்வதேச எண். இந்த எண் முறை 1961லேயே வந்துவிட்டது. உதாரணத்துக்கு, கேரட் ஊகித்த அந்த நொதியின் எண் 1.13.11.5. எண் இருப்பதால் கணினி தேடும். ஒரு உயிரினத்தின் மரபணுப் பட்டியலைக் கொடுத்தால், எந்தெந்த எண் அதில் இருக்கிறதோ அந்தப் பெட்டிகளெல்லாம் பச்சையாகும். இல்லாதவை வெள்ளை. பெட்டியைத் தொட்டால் அந்த மரபணுவின் பக்கம் திறக்கும்.

எனக்கு இது ஏன் பெரிய விஷயமாகத் தெரிகிறது என்றால், அதுவரைக்கும் படம் என்பது தெரிந்ததைச் சொல்கிற இடம். இப்போது அது தெரியாததையும் சொல்ல ஆரம்பித்தது. ஹீமோஃபிலஸையே எடுங்கள். அதன் கிரெப்ஸ் வட்டத்தில் முதல் மூன்று நொதிகளுக்கான மரபணுக்கள் கிடைக்கவில்லை. செக்கு பாதி இல்லை! ஆய்வகத்தில் இந்த பாக்டீரியாவை வளர்ப்பவர்களுக்குத் தெரியும், அதற்குக் குளுட்டமேட் நிறைய ஊற்ற வேண்டும். ஏன் என்பது படத்தைப் பார்த்தால் புரிகிறது. குளுட்டமேட் அந்த வட்டத்தின் மீதிப் பாதிக்குள் நேராக நுழைகிற பொருள். முன்பாதி இல்லாத உயிரி, பின்பாதிக்கான சரக்கை வெளியே இருந்து வாங்கிக்கொள்கிறது.

அடுத்த பதினைந்து வருஷத்தில் நிறைய வந்தன, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2003ல் சைட்டோஸ்கேப், உங்கள் தரவைக் கொடுத்தால் வலைப்பின்னலாக வரைந்து தரும் மென்பொருள். ரியாக்டோம், மனித உடலின் பாதைகளை நிபுணர்களைக் கொண்டு எழுதவைத்து இலவசமாகத் திறந்துவிட்ட தளம். 2008ல் விக்கிபாத்வேஸ், பெயரே சொல்லும், யார் வேண்டுமானாலும் வரையலாம், திருத்தலாம். கெக் 2011ல் தன் மொத்தத் தரவையும் தரவிறக்குவதற்குச் சந்தா கேட்க ஆரம்பித்தது. அரசு நிதி சுருங்கியதுதான் காரணம். நிறையப் பேர் கோபப்பட்டார்கள். எனக்கு இதில் கனேஹிசா பக்கம் அனுதாபம் உண்டு. மரபணுவைப் படிக்கிற இயந்திரத்துக்குக் காசு கொடுப்பவர்கள், அதைப் புரிய வைக்கிற படத்தைத் திருத்துகிற ஆளுக்குச் சம்பளம் கொடுக்க யோசிப்பார்கள்.

அம்பிலேயே ஒரு சிக்கல் இருந்தது. ஓர் ஆய்வுக் கட்டுரையில் 'அ'விலிருந்து 'ஆ'வுக்கு அம்பு போட்டால் என்ன அர்த்தம்? அ என்பது ஆவாக மாறுகிறதா, ஆவைத் தூண்டுகிறதா, ஆ இருக்கிற இடத்துக்குப் போகிறதா, ஆவின் உற்பத்தியைக் கூட்டுகிறதா? ஒவ்வொரு ஆய்வகத்துக்கும் ஒரு வழக்கம். மின்சுற்று வரைபடத்தை உலகத்தில் எந்த எலக்ட்ரீஷியனும் படிப்பார், அதே மாதிரி ஒரு பொதுக் குறியீடு வேண்டும் என்று பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து 2009ல் எஸ்.பி.ஜி.என். என்ற முறையை வெளியிட்டார்கள். நல்ல முறை. ஆனால் பெரும்பாலானவர்கள் இன்னும் பவர்பாயிண்டில் இஷ்டத்துக்கு அம்பு போடுகிறார்கள், அது வேற விஷயம்.

அதன் விளைவு என்ன என்று 2020ல் ஒரு கணக்கு வந்தது. விக்கிபாத்வேஸ் ஆட்கள், 1995 முதல் 2019 வரை வெளியான கட்டுரைகளிலிருந்து பாதை வரைபடங்களை மட்டும் கணினியால் பொறுக்கி எடுத்தார்கள். மொத்தம் 64,643 படங்கள். எழுத்தை அடையாளம் காணும் மென்பொருளால் அவற்றிலுள்ள மரபணுப் பெயர்களைப் படித்தார்கள். அந்தப் படங்களில் இருந்த ஆயிரக்கணக்கான மரபணுக்கள் எந்தப் பாதைத் தரவுத்தளத்திலும் இல்லை. அதாவது யாரோ வருஷக்கணக்கில் உழைத்துக் கண்டுபிடித்த தொடர்பு, வெறும் படமாக, தேட முடியாமல், கிளிக் பண்ண முடியாமல் ஒரு பி.டி.எஃப்.க்குள் புதைந்து கிடந்தது. நிக்கல்சனின் 1955 தாள்கூட சுவரில் தொங்கியது, நாலு பேர் கண்ணிலாவது பட்டது.

என் தோழி ஒருத்தி மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவில் ஆராய்ச்சி பண்ணுகிறாள். முதல் வருஷ மீளாய்வுக் கூட்டத்துக்கு அவளுடைய ஸ்லைடை நான்தான் எதிரில் உட்கார்ந்து பார்த்தேன், ஒத்திகைக்கு. கெக் படம் ஒன்றை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அப்படியே ஒட்டியிருந்தாள். கடைசி வரிசைக்கு எழுத்து எறும்பு மாதிரி தெரியும். 'சூப்பர்' என்று சொல்லி அனுப்பினேன், என் தப்பு. கூட்டத்தில் ஒரு பேராசிரியர் கேட்டாராம்: "இந்தப் பச்சைப் பெட்டிக்கு என்னம்மா அர்த்தம்? உங்க சாம்பிள்ல அந்த நொதி வேலை செய்யுதுன்னா, இல்ல அந்த உயிரினத்தோட மரபணுத் தொகுதில அந்த மரபணு இருக்குன்னா?" ரெண்டும் ஒண்ணு இல்லை. வீட்டில் மிக்ஸி இருப்பது வேறு, இன்னைக்கு மிக்ஸி ஓடியது வேறு. பச்சை சொல்வது முதல் விஷயத்தை மட்டும்தான். வெள்ளைப் பெட்டியும் அப்படியே: அந்த வேலை நடக்கவில்லை என்று அர்த்தமில்லை, தெரிந்த மரபணுக்களோடு ஒத்துப்போகிற எதுவும் கிடைக்கவில்லை என்றுதான் அர்த்தம். வேறு ஏதோ ஒரு நொதி அதே வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கலாம். அவளுக்கு இது தெரியும். ஆனால் அந்த நிமிஷத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது.

அடுத்த மீளாய்வுக்கு அவள் படத்தை மாற்றினாள். பாதையில் தனக்கு வேண்டிய ஏழு பெட்டிகளை மட்டும் சைட்டோஸ்கேப்பில் வரைந்தாள். மரபணு இருப்பதைக் கோட்டின் நிறத்திலும், தன் சாம்பிளில் அளந்த அளவை உள்நிறத்திலும் தனித்தனியாகக் காட்டினாள். ஏழில் ஒன்று வெள்ளை. அதை மறைக்காமல் பக்கத்திலேயே எழுதியிருந்தாள்: 'தேடினோம், கிடைக்கவில்லை. ஆனால் அடுத்த பொருள் உருவாகிறது.'

எப்படிப் போச்சுன்னு ராத்திரி போன் பண்ணிக் கேட்டேன். மத்த ஆறு பெட்டியைப் பத்தி யாரும் வாயே திறக்கலையாம். அரை மணி நேரமும் கேள்வி முழுக்க அந்த வெள்ளைப் பெட்டியைப் பத்தித்தானாம்.